வலது கைக்குச் சிவப்பு மூடி

அரிக்கிற இடத்தில் சொறியாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் பிழைப்பு என்னுடையது. கணவரைச் சரியான நேரத்துக்கு மாத்திரை போட வைக்கப் பாடுபட்டவர் யாராயிருந்தாலும் என் கஷ்டம் புரியும்.

போர்ட் பிளேரில் ஒரு தோல் மருத்துவமனையில், கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய்க்கான புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம். தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவை வளர்த்து, கொன்று, உடைத்து, அந்தத் துணுக்குகளை அதில் கலந்திருக்கிறார்கள். ஒவ்வாமைக்காரர்களின் தோல் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கொதித்தெழும். தினமும் வரும் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்துகிறதே, அப்படி இந்தத் துணுக்குகளோடு பழகித் தோல் அடங்குமா என்பதுதான் கேள்வி.

வலது கைக்குச் சிவப்பு மூடி ட்யூப், இடது கைக்கு நீல மூடி. ஒன்றில் பாக்டீரியா உண்டு, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும்; எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதை நம்ப வைப்பதற்குள் எனக்கே அரிப்பு வந்துவிடும்.

கப்பலா, ப்ளைட்டா?

இதே ஊரில் டாலிகஞ்ச் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணனுக்கு இரண்டு மணிக்கட்டிலும் கரப்பான். பாக்டீரியா என்றதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். உயிரோடு இல்லை, செத்துப்போனதுதான் என்று சமாதானம் சொன்னேன். மெயின்லேண்டிலிருந்து எப்படி வருகிறது என்று விசாரித்தார். கப்பலில் என்றேன். கையை மறுபடி நீட்டினார்.

"தக்காளி கப்பல்ல வந்தா பாதி செத்து வருது, தங்கச்சி. இது முழுசா செத்தப்புறம்தான் கப்பலே ஏறுதுன்னா நஷ்டத்துக்கு வழியே இல்ல. போடுங்க."

எவன் வேலை செய்கிறான்?

பாதிப் பேர் முதல் நாள் சாயங்காலமே போன் செய்து, எது அசல் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். சிவப்பு என்பார்கள், மறுநாள் நீலம் என்பார்கள். அரசு அலுவலக கிளார்க் முருகேசன் சார் மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது நானே தாங்காமல், உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டுவிட்டேன். நான் கேட்கக்கூடாத கேள்வி அது.

"அரே மேடம், எங்க ஆபீஸ்ல ஒரே மேசையில ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. எவன் வேலை செய்றான்னு தெரியவே வருஷக்கணக்காகும். எனக்கு ஆதத் ஆயிருச்சு, பழகிப்போச்சு."

பால் வெட்டும் செல்வி

நிகோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் செல்வி, ஏழு வயது மகள் காவ்யாவோடு கப்பலேறி வந்திருந்தார். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் அக்கா வீட்டில் தங்கல். காவ்யாவின் இரண்டு முழங்கை மடிப்பும் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் கையைப் பிடித்து விளையாடுவதில்லையாம்.

ஆய்வை முழுதாக முடிப்பவர்களுக்கு, வேலை செய்த களிம்பைச் சில மாதங்களுக்கு இலவசமாகத் தருவோம். ட்யூபை மாற்றிப் போட்டாலோ நடுவில் விலகினாலோ அது கிடையாது. ஊருக்கு அந்தக் களிம்போடுதான் திரும்ப வேண்டும் என்பது செல்வியின் பிடிவாதம். ஒரு கைக்கு ஒன்று, மறு கைக்கு வேறு என்றதும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ரப்பர் மரமும் அப்புடித்தாங்க. ஒரு பக்கம் பட்டைய வெட்டுவோம், மத்த பக்கத்தத் தொட மாட்டோம். மரம் ஒண்ணுதானே."

அடுத்த தடவை

வலது முழங்கை காய்ந்து, புதுத்தோல் வந்திருந்தது. இடது கை சிவந்து நீர் வடிந்தது. சிவப்பு மூடியையே இரண்டு கைக்கும் போட்டுக்கொள்ளலாமா என்று செல்வி கேட்டார். முடியாது என்று சொல்வது என் வேலை, சொன்னேன். அந்த விதியின் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

டாக்டர் கையைப் பார்த்தார். புண்ணில் சீழ் இல்லை, தொடரலாம்; முடியாதென்றால் இன்றே நிறுத்திவிட்டு வழக்கமான மருந்து தருகிறேன் என்று செல்வியிடமே விட்டுவிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்த நான், போயும் போயும் அந்த ரப்பர் மரத்தை ஞாபகப்படுத்தினேன்.

"மரம் அழுவாது மேடம். இது அழுவுது."

கடைசி நாள்

அவர்கள் விலகவில்லை. அழுதவளே "முடிச்சிட்டே போவோம்மா" என்று சொல்லிவிட்டாளாம். கடைசி நாளன்று இடது முழங்கையில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. நிச்சயம் சிவப்பைப் போட்டிருப்பார்கள், அதை மறைக்கத்தான் கட்டு என்று நினைத்துக்கொண்டே அவிழ்த்தேன். கை அப்படியே சிவந்துதான் இருந்தது. நகம் படாமலிருக்கச் சுற்றிய துணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எது எதுவென்ற ரகசியம் மெயின்லேண்டில் ஒருவரிடம் இருக்கிறது. டாக்டர் காவ்யாவின் குறிப்புகளை எழுதி முடித்துவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டார். சிவப்பில்தான் பாக்டீரியா. ஒரு குழந்தையை வைத்து முடிவு கட்ட முடியாது, மற்றவர்களும் முடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை. செல்வி சிவப்பு மூடி போட்ட புது ட்யூபுகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இனி இரண்டு கைக்கும் போடலாம் என்றேன்.

காவ்யா அம்மாவைத் தொடவிடவில்லை. தானே சிவப்பு மூடியைத் திறந்து, இடது முழங்கையில் மட்டும் தாராளமாகப் பூசினாள். வலது கைக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இம்புட்டு நாளாப் போட்டாச்சே, மேடம். இது பாவம், சும்மாவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

என் ஆய்வில் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யார் என்று யாராவது கேட்டால், பெரியவர்கள் பெயர் எதுவும் சட்டென்று வாயில் வருவதில்லை, ஓர் இடது கைதான் நினைவுக்கு வருகிறது.