பின் சீட்டு பெல்ட்

எங்கள் கோத்தா திங்கியில் பழைய கார் வாங்கப் போகிறவன் முதலில் சீட் பெல்ட்டைத்தான் இழுத்துப் பார்ப்பான். கடைசி வரைக்கும் இழுக்கணும். சுருளுக்குள்ளே இருக்கிற அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். அதில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் கிடந்தது என்று அர்த்தம். வருசத்துக்கு வருசம் ஆறு ஏறுகிற ஊர். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். இழுத்தேன். முன்னால் இரண்டு, பின் கடைசி வரிசையில் இரண்டு, நடு வரிசையில் மூன்றில் இரண்டு. எல்லாம் சுத்தம். ஒன்றை மட்டும் இழுக்கவில்லை.

அதை என் மனைவி கட்டியிருந்தாள்.

ஜொகூர் பாருவில் பழைய கார் விற்கிற கடை அது. ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். அதுவரை வீட்டுக்கு ஒரு சின்னக் கார்தான். ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் உயரமானது வேணும் என்று போனோம். அவள் கைப்பிள்ளையோடு நடு வரிசையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலை இறக்கினாள். ஏற்றினாள்.

"என்னாங்க, இங்கேருந்து பாத்தா எல்லா காரோட மண்டையும் தெரியுது" என்றாள்.

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருசம் நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளுவாங் போவோம். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அங்கே அவள் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்குப் பசாரில் காய்கறிக் கடை. ஞாயிறுதான் அவருக்கு வியாபாரம். அதனால் ஞாயிறு இவள் முறை. அப்பாவைக் குளிப்பாட்டுவாள், முகம் மழித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் காலைத் தூக்கித் தூக்கி மடக்குவாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மற்ற நாளில் அண்ணன் கடையடைத்து வந்து அவசரமாக ஒரு தடவை மடக்குவார். விடாமல் செய்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு நல்ல மழை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வண்டி திடீரென்று செத்தது. விளக்கு இல்லை, ஒன்றும் இல்லை. நான் இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தேன். அவள் மகளையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு நடு வரிசையில். பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று பின் கதவுகளுக்கு நான்தான் சைல்ட் லாக் போட்டிருந்தேன். உள்ளிருந்து திறக்காது. ஜன்னலும் கரண்டில் ஓடுவது. அதுவும் இறங்கவில்லை.

பின்னால் ஒரு லோரி வந்தது. எங்கள் வண்டியில் விளக்கு இல்லாததால் அவனுக்கு நாங்கள் தெரியவில்லை. அவள் பின் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். கண்ணாடியை அடித்திருக்கிறாள். மழையில் எனக்குக் கேட்கவில்லை. ஹாரன் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். லோரி கடைசி நேரத்தில் ஒடித்துப் போனது. ஒரு கை அகலம் இருக்கும். நானும் லோரிக்காரன். அவன் ஒடித்தது அவன் கெட்டிக்காரத்தனம் இல்லை. எங்கள் நல்ல நேரம்.

நான் வெளியிலிருந்து கதவைத் திறந்தேன். அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு செம்பனை மரத்தடியில் போய் நின்றாள்.

"இனிமே நான் இதுல ஏற மாட்டேன்" என்றாள். கத்தவில்லை. அதனால் நம்பினேன்.

மறுநாள் போமன் பார்த்தான். கார் ரிப்பேர் பார்க்கிறவனை நாங்கள் அப்படித்தான் சொல்வது. சீனன். கம்பளத்தைத் தூக்கினான், முகர்ந்தான். பிறகு பெல்ட்டுகளை இழுத்தான். அந்த ஒன்றில் கடைசி ஒரு முழம் பழுப்பாக வந்தது.

"கிரேத்தா பஞ்சிர் லா, பாஸ். வெள்ளத்துல முங்கின காடி. நீ கோத்தா திங்கி ஆளுதான?" என்றான்.

"ஆமா."

"அலமாக், நீயே ஏமாந்துட்டியா?" என்றான். சிரித்தான். பிறகு, "ரெண்டு வழி இருக்கு. வேற எவன் தலையிலயாவது கட்டிடு. இல்லன்னா மொத்தமா கழட்டி வயர் எல்லாம் மாத்தணும்."

இன்னொருத்தன் வாங்கினால் அவன் பெண்டாட்டி அந்த இடத்தில் உட்காருவாள். கழட்டு என்றேன்.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டியிருந்தேன்னுதான் நீங்க இழுக்கலையா?"

"ஆமா."

"எழுந்திருடின்னா எழுந்திருக்க மாட்டேனா?"

"நீ சிரிச்சிக்கிட்டு இருந்த."

கழுவின மீனையே இன்னொரு தடவை கழுவினாள். "நல்ல ஆம்பள" என்றாள். திட்டா, என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது.

போமன் வயர் மாற்றினான். மற்றதை நானே செய்தேன். சீட்டெல்லாம் கழட்டி ஹாலில் போட்டேன். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். அடித் தகரத்தைச் சுரண்டி, துரு எடுத்து, பெயிண்ட் அடித்து, புதுக் கம்பளம் போட்டேன். ஏழு பெல்ட்டும் புதுசு. சைல்ட் லாக்கை எடுத்தேன். இரண்டு மாசம் ஆனது. வண்டி நன்றாக ஓடியது.

அவள் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். பிள்ளைகளுக்குப் பஸ் ஒத்துக்காது, அவர்களோடு நான் காரில் போனேன். பஸ் நின்று நின்று போகும். அவள் போய்ச் சேர மத்தியானம் ஆகும். நாலு மணிக்குத் திரும்பணும். சாயங்காலம் கால் மடக்குவது நின்றுபோனது. நான் செய்கிறேன் என்றால் மாமனார் விடமாட்டார். கூச்சம். கால் இறுகிக்கொண்டே வந்தது.

அவள் அண்ணன் சும்மா இருப்பாரா? "என்னா மாப்ள, தங்கச்சிய பஸ்ல ஏத்திட்டு நீங்க மட்டும் சுல்தான் மாதிரி வர்றீங்க?"

"அவதான் மச்சான் ஏற மாட்டேங்கிறா."

"ஏத்துற மாதிரி ஏத்தணும்."

எப்படி ஏற்றுவது? மாற்ற வேண்டியது எல்லாம் மாற்றியாகிவிட்டது. இதற்கு மேல் அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து, நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவில் நின்றாள். கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"நான் ஓட்டுறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த லைசன்ஸ் அவளிடம் இருந்தது. தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. எங்கே போனாலும் நான் ஓட்டுவேன், அவள் உட்காருவாள்.

கொடுத்தேன். முன்னால் ஏறப் போனேன்.

"அங்க இல்ல. நான் உக்காந்த எடத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். முன்னால் மகள். பக்கத்தில் மகன். முதல் முக்கில் ஓரக் கல்லில் ஏற்றி இறக்கினாள். நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. பிரேக் இல்லை. ஸ்டேரிங் இல்லை. முன்னால் இருக்கிறவர் என்ன செய்கிறாரோ அதுதான். இத்தனை வருசம் அவள் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

பாதி வழியில் மழை பிடித்தது. அவள் விளக்கைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"என்னா சத்தமே காணோம்?"

"பயமா இருக்கு."

"ம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் விறைத்திருந்த அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

பத்து மணிக்கெல்லாம் குளுவாங் போய்விட்டோம். அன்றைக்கு இரண்டு தடவை கால் மடக்கினாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வண்டி அவளுடையது. வாங்கி இப்போது பத்து வருசம் ஆகிறது. எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கிறது, ஏர்கோன் முன்னால் மட்டும் குளிரும். அவள் அண்ணன் போன மாசம், "வித்துட்டு புதுசு எடுங்க மாப்ள" என்றார். அவளைக் கேளுங்க என்றேன். கேட்கவில்லை.

போன ஞாயிறு மாமனார் வாசலுக்கு வந்தார். தடி ஊன்றித்தான். ஆனால் தானாக. காரைச் சுற்றிப் பார்த்தார். "என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போம்மா" என்றார். உயரமான வண்டி. கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதைக் கையால் தூக்கி உள்ளே போட்டார். வெகு நேரம் ஆனது. நான் கை கொடுக்கப் போனேன். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

ஏறிவிட்டார்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தோம்.