ஏரிக்கரையில் வைத்த எள்ளுச்சோறு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் என்னை மன்னிக்கவேண்டும். நான் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை மட்டும் படித்தவள். ஊருக்குப் போடும் கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் மாட்டேன். ஆனால் இந்தச் சம்பவம் மட்டும் இன்றைக்கும் மனத்தைவிட்டுப் போகவில்லை. யாருக்காவது சொல்லாவிட்டால் ஆறாது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை, தஸ்மேனியாவில் டவ் ஏரிக்கரையில் நடந்தது இது. நாங்கள் இருப்பது மெல்பேர்னில், நோபல் பார்க்கில். டண்டினோங்கில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்குத் துணி மடிக்கும் வேலை. அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அது எனக்கு வசதி. வங்கி, வைத்தியர், கடை, எங்கே போனாலும் என் கணவர்தான் பேசுவார். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பேன். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடமாக இப்படித்தான்.

அந்த முறை எங்களைக் கூட்டிப்போனது என் பெறாமகள். மல்கிரேவில் இருக்கும் தங்கையின் மூத்த பெண். வேலை கிடைத்து முதல் விடுமுறை. "பெரியம்மா, நீங்கள் வேலையும் கோயிலும் தவிர ஒண்டும் பாக்கேல்ல, இந்த முறை நோ சொல்லக்கூடாது" என்று இழுத்துப்போனாள். எனக்குள் ஒரே தயக்கம். காரணம் இரண்டு. ஒன்று, இவருக்குப் பத்து வருடமாக நீரிழிவு, இன்சுலின் போடுகிறவர். நடக்க நடக்கச் சீனி இறங்கிவிடும். அப்படி இறங்கினால் உடனே கொடுக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் ஜெலி இனிப்புகள் எப்போதும் என்னிடம் இருக்கும். அது என் பொறுப்பு. இரண்டாவது, இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று நான் புரட்டாதிச் சனி விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். காகத்துக்கு எள்ளுச்சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு. தஸ்மேனியாக் காட்டில் காகத்துக்கு எங்கே போவது?

ஆனாலும் தங்கியிருந்த அறையில் குசினி இருந்தது. விடிய எழும்பிக் குளித்து, எள்ளு வறுத்து, சோற்றில் பிசைந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பையின் முன் அறையில் இனிப்புப் பைக்குப் பக்கத்தில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினேன். ஏரிவரை கார் விடமாட்டார்கள், பூங்கா பஸ்ஸில்தான் போகவேண்டும்; மத்தியானச் சாப்பாட்டைக் காரிலேயே விட்டோம். ஏரியைச் சுற்ற இரண்டு, இரண்டரை மணித்தியாலம், வந்து சாப்பிடலாம் என்பது பெறாமகளின் கணக்கு.

பஸ்ஸால் இறங்கி ஏரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இவர் தோளில் தட்டி "என்ன, மூச்சு விடுறீரோ?" என்று கேட்டார். எதிரே மலை. இரண்டு கூர் முனைகள், நடுவில் தொட்டில் தொங்குவதுபோல ஒரு பள்ளம். முனைகளில் வெண்பனி மிச்சமிருந்தது. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று தண்ணீர். கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்பு அல்ல, பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம். ஆனால் கண்ணாடிபோலத் தெளிவு, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். சுற்றியுள்ள புல்லும் வேரும் ஊறித்தான் அந்தச் சாயம் என்று பெறாமகள் சொன்னாள்.

கொஞ்சத் தூரத்தில் ஏரிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய பாறை. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கே ஐஸ் ஆறு ஒன்று மலையைச் சுரண்டிக்கொண்டு இறங்கியதாம். அது தோண்டிய குழிதான் இந்த ஏரி. பாறையில் அந்த ஐஸ் இழுத்த கீறல்கள் இன்னும் இருக்கின்றன. நான் முழங்காலில் இருந்து ஒரு கீறலுக்குள் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஆளுயரத்தைவிட உயரமாய், எங்கள் தாழையைப் போலவே நீண்ட இலையோடு, காய்ந்த இலைகளைப் பாவாடை மாதிரிக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு செடி. ஓடிப்போய்த் தொட்டேன். தடி தடியாய் இலையற்று நின்ற ஒரு பற்றையைக் காட்டி, இது சித்திரை மாதத்தில் முழுக்கத் தங்க நிறமாகும் என்றாள் பெறாமகள். அதையும் நின்று பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் முடிந்தபோது நாங்கள் பாதி ஏரிகூடச் சுற்றவில்லை. அவ்வளவும் என்னால் வந்த சுணக்கம்.

வெள்ளைக் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு சின்னக் கரையில் இறங்கி இளைப்பாறினோம். இவர் இரண்டு பிஸ்கற் சாப்பிட்டார். பெறாமகள், வெளிச்சம் நல்லாயிருக்கும்போது படம் எடுக்கவேண்டும், முன்னால் போகிறேன், முடியும் இடத்துப் படகுக் கொட்டிலடியில் நிற்பேன், ஆறுதலாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் அது வந்தது. காகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முழுக் கறுப்பு. தடித்த சொண்டு. கண் மட்டும் மஞ்சள். ஒரு கல்லில் இருந்து என்னையே பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் காட்டிலும் சனீஸ்வரன் என்னைத் தேடி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பெறாமகள் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், இங்கே எந்த மிருகத்துக்கும் பறவைக்கும் தீனி போடக்கூடாது என்று. பஸ் நிற்கும் இடத்திலும் படம் போட்டு எழுதியிருந்தது. ஆனால் இது தீனி அல்ல, படையல். அது இதில் சேராது என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இவர் தண்ணீரில் கை கழுவப் போன நேரம் டப்பாவை எடுத்து ஒரு தட்டையான கல்லில் சோற்றை வைத்து, கண்ணை மூடி, இவருடைய ஆயுளுக்காகக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கல்லில் ஒரு பருக்கை இல்லை. மூன்று பறவைகள் நின்றன. ஒன்று என் பையின் மேல் நின்றது. முன் அறையின் சிப் திறந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் மூடித்தான் வைத்தேன். நான் "சூ" என்று எழும்ப, இனிப்புப் பையைச் சொண்டில் கவ்விக்கொண்டு அது ஏரிக்கு மேலால் பறந்தது.

இவர் திரும்பி வந்தார். "என்ன, காகம் சாப்பிட்டுதோ?" என்று சிரித்தார். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான். இனிப்புப் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் விரதத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டிப் பேசுவார், பெறாமகளுக்குத் தெரிந்தால் வெட்கக்கேடு, இன்னும் ஒரு மணித்தியால நடைதானே என்று நினைத்தேன். சிப்பை இழுத்து மூடிவிட்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு காடு வந்தது. வெளியே காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் காலடி வைத்ததும் கதவைச் சாத்தியதுபோல அமைதி. கல், வேர், மரம் எல்லாம் பச்சைப் பாசி. கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், அவற்றில் நகம் அளவு குட்டி இலைகள். இலைக்கூட்டத்துக்குள்ளால் வெளிச்சம் பச்சையாக இறங்கியது. பக்கத்தில் எங்கோ ஒரு ஓடை ஓடும் சத்தம் மட்டும். கீழே பற்றை இல்லாமல் பெரிய மண்டபம் மாதிரி இருந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டே நடந்து, இவரிடம் ஏதோ சொல்லித் திரும்பினால், இவர் பின்னால் ஒரு வேரில் இருந்துவிட்டார்.

முகம் முழுக்க வேர்வை. அந்தக் குளிரில். கை நடுங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்தாச்சோ" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. சீனி இறங்கிவிட்டது. இப்படியே விட்டால் மயக்கம், மயங்கினால் விழுங்க முடியாது, அதற்கு மேல் என்ன என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பையைக் கொட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல், குடை, வெறும் டப்பா. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை.

காலடிச் சத்தம் கேட்டது. இளம் ஆட்கள் நாலு பேர், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு. நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அவர்கள் "ஹலோ" என்றார்கள். நானும் பழக்கத்தில் சிரித்து "ஹலோ" என்றேன். போய்விட்டார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை எது என்று கேட்டால், பறவைக்குச் சோறு வைத்ததைச் சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

திரும்பிப் பார்த்தேன். இவர் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. என்னை யாரென்று தெரியாததுபோலப் பார்த்தார். எனக்குள் ஏதோ அறுந்தது. பாதையின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிடமோ தெரியாது. வளைவில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும், நரைத்த பின்னல், கையில் தடி.

"ஸ்டொப்," என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். "மை ஹஸ்பண்ட். சுகர். பிளீஸ், சுகர்."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். தடியை எறிந்துவிட்டுத் தோள்பையை இறக்கி, பற்பசைக் குழாய் போல ஒன்றை எடுத்து மூடியைத் திருகி என் கையில் தந்தார். பிதுக்கினால், ரின்பால், அந்தக் கெட்டியான இனிப்புப் பால். தேத்தண்ணிக்குப் போடுவோமே, அதேதான். கொஞ்சம் கொஞ்சமாக இவர் வாயில் பிதுக்கினேன். முதலில் வாயோரம் வழிந்தது. பிறகு விழுங்கினார். அந்த அம்மா ஈர வேரில் இவருக்குப் பக்கத்தில் இருந்து, தன் மேற்சட்டையைக் கழற்றி இவரைப் போர்த்தி, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பத்து, பதினைந்து நிமிடம் இருக்கும். இவர் கண்ணில் தெளிவு வந்தது. நாக்கால் உதட்டை நக்கினார்.

"இதென்ன, ரின்பாலோ?" என்றார். "பத்து வருஷமாத் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி கேட்டுத் தராதவள், இண்டைக்கு முழுக் குழாயையும் பருக்கிறீர்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவரும் சிரித்தார்.

பிறகு அவர் தன் ரொட்டியில் பாதியை இவருக்குச் சாப்பிடத் தந்தார். அதைக் கடித்துக்கொண்டே இவர்தான் கேட்டார், எங்களுடைய இனிப்பு எங்கே என்று. இனி மறைக்க முடியாது. தமிழில் இவருக்கும், கையாலும் உடைந்த ஆங்கிலத்தாலும் அந்த அம்மாவுக்கும் சொன்னேன். சோறு வைத்தது, கண் மூடியது, சிப் திறந்தது, இனிப்புப் பறந்தது எல்லாம். அந்தப் பறவைக்குக் கரவொங் என்று பெயராம். எந்தச் சிப்பையும் திறக்குமாம். தன்னுடைய முட்டைச் சாண்ட்விச்சையும் ஒருமுறை கொண்டுபோனதாகச் சொன்னார். அதன்பின் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, எங்கள் சாப்பாடு அதுகளுக்கு நோய் வருத்தத்தைக் கொடுக்கும், இனி வைக்கவேண்டாம் என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

இவர் கடித்த ரொட்டியை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கரையிலேயே உமக்குத் தெரியும். என்னத்துக்குச் சொல்லேல்ல?"

"பேசுவீங்கள் எண்டு பயந்தனான்."

"பேசித்தான் இருப்பன்," என்றார். "பேசிப்போட்டு, ஆரிட்டையாவது ரெண்டு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருப்பன் எல்லோ."

அந்த அம்மா எங்களை விட்டுப் போகவில்லை. கடைசி வரை கூடவே மெதுவாக நடந்தார். காட்டைவிட்டு வெளியே வந்ததும் முகில் விலகி மலை முழுவதும் ஏரிக்குள் தலைகீழாக விழுந்து கிடந்தது. நான் என்னையறியாமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து "லுக், லுக்" என்றேன். படகுக் கொட்டிலடியில் எங்களைத் தேடித் திரும்பி வரவிருந்த பெறாமகள், நான் ஒரு முன்பின் தெரியாத வெள்ளைக்கார அம்மாவோடு கை கோத்துக் கதைத்துக்கொண்டு வருவதைக் கண்டு வாயைப் பிளந்தாள். அவளுக்கும் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவள் அழுதுவிட்டாள், பிறகு என்னை நன்றாகப் பேசினாள். வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கும் ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம்தான், அது இந்த வயதில் மாறப்போவதில்லை. ஆனால் ஏதாவது பிழை விட்டேன் என்று தெரிந்தால் வாய்க்குள் வைத்திருப்பதில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் வெட்கத்தை நான் காப்பாற்றப்போய், இவரைப் பறிகொடுக்கப் பார்த்தேன் என்ற நினைப்பு என்னைச் சொல்லவைத்துவிடுகிறது.

மறுநாள் நல்ல மழை. அறையைக் கூட்டிப் பூட்டித் திறப்பை ஒப்படைத்துவிட்டு, பின்னேரம் டெவன்போர்ட்டில் மெல்பேர்ன் கப்பல் ஏறினோம்.