பிரசவ அறையில் மரியாதை கேட்ட அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலர் வழியாகத் தங்கையின் வணக்கம்.

அக்கா வளர்ந்தது ஜெகதளாவுக்குப் பக்கத்தில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார், அம்மா கொழுந்து பறித்தார். அப்பா காலமான பிறகு அம்மா தனியாளாகப் பாடுபட்டுத்தான் அக்காவை நர்சிங் படிக்கவைத்தார். பிறகு அக்கா கோவையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பிரசவ அறையில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அதைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். இன்று அவர்கள் சிரிப்பதில்லை.

முதலில் அம்மாவிடம்தான் கேட்டார்.

"என்னையப் பெக்கறப்ப ஆஸ்பத்திரில உங்கள அடிச்சாங்களாம்மா?"

"தொடைல ரெண்டு வெச்சாங்க. அதுக்கென்ன இப்ப? புள்ள நல்லபடியா வந்துச்சில்ல."

அன்று அக்கா சாப்பிடவில்லை. "அடி வாங்குனது தப்புன்னே அம்மாவுக்குத் தோணல பாரு" என்றார் என்னிடம்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, மருந்து ஆராய்ச்சி செய்பவர். நம் செல்களின் மேல் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. மருந்து போய் அவற்றில் ஒட்டினால்தான் செல் அதற்குக் கட்டுப்படும். பிரசவ வலியைக் கூட்டுவதற்கு ஏற்றும் மருந்தை நெடுநேரம் அளவுமீறி ஏற்றினால், கருப்பையில் உள்ள ஏற்பிகள் மரத்துப்போய்விடும். பிள்ளை பிறந்த பின் கருப்பை சுருங்காது, இரத்தம் நிற்காது. அப்படிப்பட்ட நிலையிலும் வேலை செய்யும் மருந்து ஒன்றைத்தான் மாமா தேடிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் இருவரும் இதையே பேசுவார்கள்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா அம்மா வீட்டுக்கு வந்தார். நாள் நெருங்கியதும் மாமாவும் வந்துவிட்டார். வலி எடுத்தால் கோவைக்கு இறங்கிவிடுவதாக ஏற்பாடு. வலி எடுத்த காலையில், கோவைக்கு இறங்கும் வழியில் பர்லியார் அருகே மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. கோத்தகிரி வழியிலும் மரங்கள் விழுந்து கிடந்தன. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் போக முடிந்தது.

அறைக்குள் நான் உடன் இருந்தேன். வலியைக் கூட்டும் மருந்து ஏறிக்கொண்டிருந்த டிரிப்பின் வேகத்தை நர்ஸ் கூட்டினார். மதியம் இன்னும் கூட்டினார்.

"எதுக்குக் கூட்டறீங்கன்னு சொல்லுங்க சிஸ்டர். ரொம்ப நேரமா ஓடுதுங்க. அப்பறம் கர்ப்பப்பை சுருங்காதுங்க."

"டாக்டரு நீயா, அவரா? படிச்ச திமிரு. வாய மூடிட்டு முக்கு."

அக்கா மறுபடியும் கேட்டார். நர்ஸ் அவரை அறைந்தார். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்ட என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. அதே மருந்தையே மேலும் ஏற்றினார்கள். மாமா கதவைத் தட்டி, "அது இனிக் கேக்காதுங்க! வேற மருந்து குடுங்க!" என்று கத்தினார். காவலாளி அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேறு மருந்து இருப்பில் இல்லை என்று பிறகு சொன்னார்கள். மாலையில் அக்கா போய்விட்டார். தனக்கு என்ன நடக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்தால்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

எங்கள் புகாருக்கு, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று மருத்துவமனை பதில் சொன்னது. மாமா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். மகள் எங்களிடம் வளர்கிறாள்.

இரத்தம் கொடுப்பதற்காகக் கீழிருந்து புறப்பட்டு, மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்ற நண்பர்களுக்கு எங்கள் நன்றி. அக்காவின் உடலைத் துடைத்து, சேலையைச் சரியாகக் கட்டி எங்களிடம் ஒப்படைத்த துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கும் நன்றி. அந்தக் கட்டடத்தில் அக்காவை மரியாதையாக 'அம்மணி' என்று அழைத்தவர் அவர் ஒருவரே. அது அக்காவின் காதில் விழவில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று அம்மா தடுத்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க படிப்பாங்க சாமி. நாளைக்கு உனக்கு வலி வந்தா அங்கதான போகோணும்."

எனக்கு இது எட்டாம் மாதம். அம்மா சொல்வது உண்மைதான். இந்த மலரைப் படிப்பவர்களில் முடிந்தவர்கள் அன்று என்னுடன் வாருங்கள். வெளியே போகச் சொன்னால் போகாதீர்கள்.