நூற்று இருபத்தேழுக்குப் போட்ட டிக்

கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண் நினைவுக்கு வந்துவிடும்: 1234567. எண்பதைத் தாண்டிய பிறகும், கத்தரி மூக்குக்குக் கீழே வந்ததும் கை ஒரு நொடி நிற்கிறது.

அறுபதுகளில் செஞ்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எதிர் மேஜையில் நைனார். அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம். புழு பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதருக்கு அப்படியொரு கிடா மீசை. எண்கள் என்றால் பைத்தியம். ஒருநாள் பஜாரில் மளிகைக்கடைக்காரரிடம் ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக எழுதிக் காட்டி, "இது ஒடையாத நம்பருங்க. எதால வகுத்தாலும் மீதி நிக்கும். எவனாவது ஒடச்சிட்டா மீசைய எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சோதிக்கவே உட்கார்ந்தார்.

சோதனையில் எனக்கும் பங்கு. 1111 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேலே ஓர் எண்ணால் வகுபட்டால் அதன் ஜோடி கீழேயே சிக்கியிருக்கும். அப்படி நூற்று எண்பத்தாறு வகுத்தல்கள். அலுவலகம் விட்டதும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் ஆரம்பிப்போம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது நைனார் வீட்டு வழக்கம். அதனால் அவர் பாதியில் எழுந்து போய்விடுவார். என் பஸ் வரும்வரை மீதியை நான் பார்ப்பேன். வகுத்து முடித்த எண்ணுக்கு நேரே ஒரு டிக்.

ஒரு மாலை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து 113ஆல் வகுத்து முடித்தேன். அடுத்தது எது என்று தேடினால் 115, 117, 119 என்று எல்லாமே உடைகிற எண்கள். பதின்மூன்று எண்களைத் தாண்டித்தான் 127 வந்தது. கூடவே நான் போகவேண்டிய தளவானூர் பஸ்ஸும் வந்தது. இத்தனை எண்ணுக்கு மீதி நின்றது, இதற்கு மட்டும் நிற்காமலா போகும் என்று 127க்கு நேரே டிக் போட்டுவிட்டு ஓடி ஏறினேன். மறுநாள் நைனார், "நூத்தி இருவத்தேழு ஆச்சா சார்?" என்றார். "ஆச்சு" என்றேன். அவர் 131இல் தொடங்கினார்.

இரண்டு மாதத்தில் 1109 வரை முடிந்தது. நைனார் மீசையை முறுக்கிக்கொண்டு பஜாரில் நடந்தார். எனக்குள் அந்த டிக் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 127ஆல் வகுத்தேன். ஈவு 9721. மீதி ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் செஞ்சியில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தாளை அவர் முன் வைத்து, வகுக்காமலேயே டிக் போட்டதைச் சொன்னேன். நைனார் தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். "பஸ்ஸுல ஏறியாவது போட்டுப் பாத்திருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் வழவழவென்ற மேலுதட்டோடு வந்தார். சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு நேரே மளிகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா நைனாரே! எவன் ஒடச்சான்?"

நைனார் என் தோளில் கை வைத்தார். "நம்ம சார்தான். நான் நடுவுல ஒண்ண உட்டுட்டேன், அவரு கண்டுபுடிச்சிட்டாரு."

கடைக்காரர் மெச்சிக்கொண்டு ஒரு கல்கண்டை என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். விட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நைனாரின் மீசை சில மாதங்களில் பழையபடி வளர்ந்துவிட்டது. என் மீசை இப்போது முழுக்க வெள்ளை. கத்தரி நிற்கும் அந்த ஒரு நொடியில், கல்கண்டைச் சுவைத்துக்கொண்டு கடைவாசலில் மீசையோடு நின்றவன்தான் கண்ணாடியில் தெரிகிறான்.