அணைத்துப் போட்டால் சரியாகும்

ரூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரத்தினவேல் உதடுகளை மட்டும் அசைத்து மெதுவாக எண்ணினார். பிறகு மீண்டும் செருகினார். தொழிற்சாலையில் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் அவர் செய்யும் முதல் வைத்தியம் இதுவே. வீட்டு மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் இதற்குத் தப்பியதில்லை. "ஆஃப் பண்ணிப் போட்டா அதுக்கே புத்தி வந்துரும்" என்பார்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, மாநில எல்லையோரமுள்ள மத்திகிரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார். பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும், ஒலிபெருக்கியின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் பந்தியில் அமரமாட்டார். காலையில் புறப்படும்போது கூடத்துச் சுவிட்சுகள் அனைத்தையும் அணைத்துவிட்டே படியிறங்குவார்.

இன்று காலை ரூட்டரையும் பலமுறை பிடுங்கிச் செருகிவிட்டார். அவர் மனைவி ஜோதிமணி, பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே மருத்துவமனை ரசீதுகளைச் சரிபார்ப்பவர். அந்நிறுவனம் முந்தாநாள் அவர்களுடைய ரூட்டரில் 'ப்ராக்ஸி' என்னும் இடைவாசல் ஒன்றை அமைத்தது. அதன் வழியாக மட்டுமே அலுவலக இணையப் பக்கம் திறக்கும். அன்று ஒழுங்காகத் திறந்தது. நேற்று முழுவதும் திறக்கவில்லை. இன்றும் ஒன்பது மணிக்குள் நுழையாவிட்டால், நாளை முதல் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் எழுதிவிட்டார். கைக்குழந்தையை விட்டுவிட்டு, எல்லையில் உள்ள அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து அன்றாடம் போய்வர ஜோதிமணியால் இயலாது. வேலையை விட வேண்டியதுதான்.

"இப்ப என்ன சொல்லுது?"

"அதேதாங்க. ப்ராக்ஸி உள்ள விடலையாம்."

"இரு, இன்னொருக்கா ஆஃப் பண்ணிப் பாப்போம்."

"சும்மா சும்மா அமத்தி எழுப்புறீங்களே, அது என்ன தூங்கி விழுற உங்க ஹெல்ப்பரா?"

கீழ்வீட்டு நாகம்மா படியில் நின்றபடி, "போன மாசம் என் கிரைண்டரையும் இப்பிடித்தான் எழுப்புனே ரத்தினவேலு. இன்னும் எந்திரிக்கல பா!" என்றார்.

அந்நேரத்தில் நிறுவனத்தின் கணினிப் பிரிவிலிருந்து மாதவன் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். ரத்தினவேல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்வல்ப... கொஞ்சம் இருங்கண்ணா, எதையும் தொடாதீங்க. ரூட்டர்ல என்ன தேதி காட்டுது?"

ஜோதிமணி திரையைப் பார்த்தார். "எட்டு வருசத்துக்கு முந்தின தேதிங்க."

"அதான்! கரன்ட் போனா உங்க ரூட்டருக்குத் தேதி மறந்துடும். தேதி தப்பா இருந்தா ப்ராக்ஸி நம்பாது, உள்ள விடாது. யாரு அதை ஆஃப் பண்றது?"

ஜோதிமணி கணவரைப் பார்த்தார்.

"நாந்தான் தம்பி" என்றார் ரத்தினவேல். "வேலைக்குப் போகையில கூடத்துச் சுவிட்சோட சேத்தும்... சரி பண்ணுறேன்னும்."

மாதவன் சொல்லச் சொல்ல ஜோதிமணி தேதியைத் திருத்தினார். திரையில் வட்டம் சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது. ரத்தினவேல் சுவரோடு ஒட்டி நின்று மூச்சை அடக்கிக்கொண்டார். ஒன்பது அடிக்கும் தறுவாயில் அலுவலகப் பக்கம் திறந்தது. மேலாளரின் குரல் கணினியில் ஒலித்தது: "வந்துட்டீங்களா? இன்னைக்கு ஃபுல் டே கட் ஆகாமப் பாத்துக்கோங்க, ஜோதிமணி. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

தெருமுனையில் கம்பெனிப் பேருந்து ஒலியெழுப்பியது. ரத்தினவேல் இரும்பு முனை வைத்த தம் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். கூடத்துச் சுவிட்சுகள் எதையும் தொடாமல், கதவை ஓசையின்றிச் சாத்தினார். தகரப் படிகளில் வெறுங்காலுடன், ஒவ்வொன்றாக அடி வைத்து இறங்கினார்.