நான் எழுந்து போன கூட்டம்

எங்கள் கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ‘சட்டம்’. நான் வருவதைக் கண்டால் “சட்டம் வருது, சட்டம் வருது” என்று முணுமுணுப்பார்கள். காதில் விழாதது போல நடந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். மாத்தளை நகரத்தில் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணக்கியல் படிப்பிப்பவளுக்கு ‘சீனிப்பாகு’ என்றா பெயர் வைப்பார்கள்?

ஒரு தடவை வில்கமுவவிலிருந்து ஒரு தகப்பன், சோதனைக்கு முந்தின கிழமை, புது நெல் குற்றிய அரிசி ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடித்து, அதில் மூட்டையையும் ஏற்றி, பாவம் மனுசன். “சந்தோசத்துக்குத்தான் மிஸ்” என்றார். “சந்தோசம்னா முடிவு வந்த பிறகு கொண்டாங்க, கட்டாயம் வாங்கிக்கிறேன்” என்று திருப்பி அனுப்பினேன். முடிவு வந்தது. மகன் நன்றாகவே சித்தியடைந்தான். அரிசி வரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் வீட்டில் சிரிப்போம்.

ஆக, எது வாங்கலாம், எது வாங்கக் கூடாது, எந்தக் கூட்டத்தில் இருக்கலாம், எதில் இருக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி என்றுதான் நினைத்திருந்தேன். கென்டீன் விசயம் வரும்வரை.

எங்கள் கல்லூரிக் கென்டீனை ஒரு முஸ்லிம் பெண் நடத்தி வந்தார். எல்லோருக்கும் அவர் ‘ராத்தா’, அக்கா என்று அர்த்தம். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கென்டீன்தான் அவர்களுடைய சோறு. தவணை முடிந்ததால் மறுபடி விலைமனு கேட்டு அறிவித்தார்கள். தீர்மானிக்கும் கமிட்டியில் நானும் ஒருத்தி. ராத்தாவும் போட்டார். இன்னும் ஒருவர் போட்டார். அந்த இன்னும் ஒருவர் என்னுடைய தம்பி.

என் தம்பி கத்தாரில் ஒரு பெரிய கேம்ப் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்தவன். அலுவிகாரையில் ஏ ஒன்பது பாதையோரமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டான். வாகனமெல்லாம் அவன் கடையைத் தாண்டியே போய் நின்றது. இரண்டு சின்னப் பிள்ளைகள், வாடகைக் கடை, முகத்தில் சிரிப்பே இல்லாமல் போயிற்று. அவனுக்கும் அந்தக் கென்டீன் ஒரு உயிர்ப் பிரச்சினைதான். அதை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன்.

மனுப் போட்ட அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னான்.

“அக்கா, நீ அந்தக் கமிட்டில இருக்கதானே?”

“இருக்கேன். ஆனா ஒன்ட பேர் வந்த ஒடனே இருக்க மாட்டேன். எழும்பி வெளிய போயிருவேன். எனக்கிட்ட எதுவும் எதிர்பாக்காத, சொல்லிட்டேன்.”

சண்டை பிடிப்பான் என்று பார்த்தேன். அவனோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “சரி, வெளிய நில்லு. அது போதும்” என்றான். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. தம்பிக்கும் ஒரு நேர்மை இருக்கிறது, என்ன இருந்தாலும் ஒரே வீட்டில் வளர்ந்தவன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அடி மடச்சி!

கூட்டம் கல்லூரி அதிபரின் அறையில் நடந்தது. அதிபர், மின்னியல் படிப்பிக்கும் சேர் ஒருவர், நான், மூன்றே பேர். மற்ற இருவரும் சிங்களவர்கள், கூட்டமும் சிங்களத்தில்தான். நான் இங்கே தமிழில் சொல்கிறேன். இரண்டு விலைமனுவும் கிட்டத்தட்ட ஒரே விலை. அதனால் சமையலைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று முன்னமே பேசி, இரண்டு பேரிடமும் மதியச் சாப்பாடு பார்சல் வாங்கி மேசையில் வைத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “இதில் ஒருவர் என் சொந்தத் தம்பி. ஆகவே இந்தத் தீர்மானத்தில் நான் பங்கெடுக்கக் கூடாது” என்று சொல்லி எழுந்தேன். அதிபரும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் எங்கே போவது? தேத்தண்ணி குடிக்கக் கென்டீனுக்குத்தான் போனேன். ராத்தா என்னைக் கண்டதும் திகைத்தார்.

“மிஸ், கூட்டம் நடக்குதுதானே? நீங்க ஏன் இங்க?”

“என் தம்பியும் மனுப் போட்டிருக்கான் ராத்தா. அதனால நான் உள்ள இருக்கக் கூடாது. நீங்க பயப்படாதீங்க, எல்லாம் நேர்மையா நடக்கும்.”

“உங்கட தம்பியா?” என்றார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பளிச்சென்று இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். நான் எவ்வளவு நியாயமானவள் என்று அவர் நெகிழ்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, ஒரு பருப்பு வடையும் வாங்கித் தின்றேன்.

திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மின்னியல் சேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துக்கள் மிஸ்! தம்பிக்குத்தான்.”

ஒரு விநாடி எனக்கும் உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவன் பிள்ளைகளின் முகம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் மேசையைப் பார்த்தேன். இரண்டு பார்சலும் கட்டியது கட்டியபடியே இருந்தன. ஒரு முடிச்சுக்கூட அவிழ்க்கப்படவில்லை.

“சேர், நீங்கள் சாப்பிட்டே பார்க்கவில்லையே!”

அதிபர் நல்ல மனுசர். கல்லூரியின் ஒரு பேனையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். அவர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு சொன்னார்: “எதற்கு மிஸ்? உங்கள் தம்பி என்று தெரிந்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? நாளைக்கும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா? நீங்கள் இங்கேயே உட்கார்ந்து கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். நீங்கள் வாயைத் திறந்து கேட்கவில்லை. எழுந்து போனீர்கள். அவ்வளவு கௌரவமாக நடந்துகொண்ட ஒருவருக்கு நாங்கள் எப்படி இல்லையென்று சொல்வது?”

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. விதி எழுதியவர்கள் எழுந்து போ என்றார்கள். எழுந்து போனால் போனவருடைய முகம் அறையிலேயே உட்கார்ந்திருக்கும் என்பதை அவர்கள் எழுதவில்லை. எங்கள் ஊரில் முகத்தாட்சணை என்று ஒன்று இருக்கிறது. வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று தட்டிக்கழிக்கலாம். கேட்காமல் நின்றால் கொடுத்தே ஆக வேண்டும். இது தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி ஊற்றிய ராத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை நினைவு வராது. இந்தத் தடவை அது நல்லதாகப் போயிற்று. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். “சேர், இது தீர்மானம் இல்லை. இது எனக்குத் தந்த பரிசு. எனக்கு வேண்டாம். இப்படியே மேலே அனுப்பினால், இதை எதிர்த்து முதல் முறைப்பாடு நான்தான் கொடுப்பேன். என் தம்பிக்கு எதிராக நானே.”

மின்னியல் சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அனே, ஐயோ மிஸ், தம்பி அல்லவா!”

“தம்பிதான். அதனால்தான் சொல்கிறேன். என்னைத் தெரியாத ஒருவர் வரட்டும். யார் சமைத்தது என்று சொல்லாமல் கொடுங்கள்.”

அதிபர் அவிழ்க்காத இரண்டு பார்சலையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கடைசியில், “மிஸ், எங்களை வெட்கப்பட வைத்துவிட்டீர்கள்” என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் பேனையை மூடினார்.

அடுத்த கிழமை நாலந்தாப் பக்கமிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்தார். ஹோட்டல் சமையல் படிப்பிப்பவர். எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. அன்று இரண்டு பேரும் புதிதாகச் சமைத்துக் கொண்டுவந்ததை, அடையாளம் இல்லாத தட்டுகளில் போட்டு வைத்தார்கள். தட்டைக் கண்டதும் எது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் சோறு மஞ்சளாக, மேலே முந்திரியும் பொரித்த கோழியுமாக, கல்யாண வீட்டுச் சாப்பாடு போல. ராத்தாவினுடையது சோறு, பருப்பு, போஞ்சிக்காய்க் கறி, கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை அறையை விட்டுப் போகவும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். யாராவது என் முகத்துக்காக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அங்கேயே பிடித்துக்கொள்வதற்காக.

அந்த அம்மா இரண்டையும் ஆற அமரச் சாப்பிட்டார். “இந்த மஞ்சள் சோறு ருசி. எண்ணெய் அதிகம். ஒரு நாளைக்குச் சாப்பிடலாம். இதை வருசம் முழுக்கச் சாப்பிடலாம். உங்கள் பிள்ளைகள் ஒரு நாளைக்கா வருகிறார்கள்?” என்று கேட்டு, ராத்தாவின் தட்டை முன்னால் நகர்த்தினார். முடிந்தது.

அன்று பின்னேரமே தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“கெடச்சத புடுங்கிட்ட.”

“ஒனக்குக் கெடைக்கலடா. எனக்குக் குடுத்தாங்க. ஒன் சாப்பாட்ட அவங்க தொட்டே பாக்கல.”

“தொட்டா என்ன, தொடாட்டி என்ன? ஊர்ல எல்லாரும் தம்பிக்குச் செய்றாங்க. நான் ஒன்னச் செய்யச் சொல்லவே இல்லியே. சும்மா வெளிய நிக்கச் சொன்னேன். அதக்கூட ஒனக்குச் செய்ய ஏலாமப் போச்சா?”

“வாழ்நாள் பூரா அக்காவால வந்த கென்டீன்னு சொல்வாங்கடா.”

“சொல்லட்டுமே! சொன்னா என் புள்ளைகளுக்குப் பசிக்குமா?”

அவன் போன பிறகு அழுதேன். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான், அழாமல் என்ன செய்வது? ஆனால் அழுதுகொண்டே யோசித்தாலும் மறுபடியும் அதையேதான் செய்வேன் என்றுதான் வந்தது. இந்தத் தீபாவளிக்கு அவன் மனைவி பலகாரம் கொண்டுவந்தாள். அவன் வரவில்லை. கடையில் இப்போது காலைச் சாப்பாடு மட்டும் போடுகிறானாம், பரவாயில்லாமல் போகிறதாம். இதையும் அவள்தான் சொன்னாள்.

ராத்தா வீட்டுக்கு வந்தது தவணை புதுப்பித்த கிழமையில். கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம். திறந்தால் முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், ஏலக்காய் வாசம் வீடெல்லாம் பரவியது. எனக்கு வட்டிலப்பம் என்றால் உயிர். மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ், நீங்க எனக்காக உங்கட தம்பியயே விட்டுக் குடுத்தீங்க. அல்லாஹ் உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான். என்னால ஏலுமானது இதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. தம்பி நான் அவனுக்குக் கெடுதல் செய்தேன் என்கிறான். இவர் நான் இவருக்கு உதவி செய்தேன் என்கிறார். இரண்டு பேருக்கும் நடந்தது என்ன என்பதே தெரியவில்லை.

“ராத்தா, நான் உங்களுக்காக எதுவும் செய்யல.”

“சும்மா சொல்றீங்க.”

“சத்தியமா. உங்க சமையல் மட்டமா இருந்திருந்தா என் தம்பிக்குத்தான் போயிருக்கும், நானும் சந்தோசப்பட்டிருப்பேன். அன்னக்கி வந்தாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு உங்களயும் தெரியாது, என்னயும் தெரியாது. ரெண்டு தட்டையும் சாப்பிட்டுப் பாத்துட்டு, இதுதான்னு உங்க தட்டைக் காட்டினாங்க. அவ்வளவுதான்.”

ராத்தாவின் முகம் முதலில் விழுந்தது. நான் அவருக்கு வேண்டியவள் இல்லை என்று சொல்லிவிட்டேன் போல ஒரு கலக்கம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என்னண்டு சொன்னாங்க?”

“வருசம் முழுக்கச் சாப்பிடலாம்னு சொன்னாங்க.”

“என்ட பேர் தெரியாமயா?”

“பேரும் தெரியாது. ஊரும் தெரியாது.”

“எனக்கு யாரும் சொல்லல்லயே மிஸ். நீங்க சொல்லித்தான் தந்தாங்கண்டு நெனச்சிட்டு இருந்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “அப்ப இது என்ட கைக்குக் கெடச்சதா?”

“உங்க கைக்குத்தான்.”

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார். அவரிடம் நான் அதுவரை கண்டிராத சிரிப்பு. பாத்திரத்தின் மூடியை எடுத்து டப்பென்று மூடி, மேசையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அப்ப இத உங்களுக்குத் தர ஏலா மிஸ். நாளைக்குக் கென்டீன்ல வெக்கிறேன். வந்து சல்லி குடுத்துச் சாப்புடுங்க.”