மதினி கொடுத்த மஜ்ஜை

என் மதினி சண்முகத்தாய்க்கு மெதுவாகப் பேச வராது. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் அடுத்தவர் காதில் விழும். வீட்டிலும் அதே தொண்டைதான். உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். என் அண்ணன் குருசாமி எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, சோலைராஜ். தாய் இறந்தபின் இவள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரனாக இருந்தான். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் அவன் பல் ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்றார்கள். கூடப்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழியுண்டு என்று வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன்.

பொருந்தியது. "பொருந்தாம என்னய்யா? ஒரே வயித்துல பொறந்தவுகதான நாங்க!" என்று வராந்தா அதிரச் சொன்னாள் மதினி. அவள் இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சியதை ஒரு பையில் தொங்கவிட்டு அவனுக்கு ஏற்றினார்கள். நொண்டி நொண்டிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். சில வாரங்களில் ரத்தம் ஊறத் தொடங்கியது. "இனி தம்பி உடம்புல ஓடுறது உங்க ரத்தம்தான்" என்று டாக்டரம்மா சொன்னதும், அங்கிருந்த காவலாளியிடம்கூட அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அவன் உள்ளங்கை சிவந்தது. பிறகு தோல் உரிந்தது, வயிற்றால் நிற்காமல் போனது, கண் மஞ்சளானது. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "கிருமி வந்தா அடிச்சு விரட்டுற அணுக்கள் நீங்க குடுத்த மஜ்ஜையில இருக்கு. அதுங்களுக்கு இப்ப அவர் உடம்பே அந்நியமாத் தெரியுது. தோல், குடல், ஈரல் எல்லாத்தையும் அடிக்குது. அடக்கத்தான் மருந்து குடுக்கிறோம். ரொம்ப பலமா நிக்குது, அடங்க மாட்டேங்குது."

மதினி மதியச் சாப்பாட்டை என் பக்கம் தள்ளினாள். மறுநாளும் வெறும் தண்ணீர்தான். ஏதோ நேர்த்திக்கடனாக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பட்டினி கிடப்பது வழக்கம்தான். கடைசியில் குழாயடியில் மயங்கி விழுந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தச் சாமிக்கு மதினி இந்தப் பட்டினி?"

"சாமிக்கு இல்லய்யா." அவள் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "அவனுக்குள்ள கெடந்து அடிக்கது என் ரத்தம்தான? நான் திங்கப்போயிதான அதுக்கு அம்புட்டு பலம்? நான் வாடுனா அதுவும் வாடும்லா?"

டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இப்ப உங்ககிட்ட இல்லம்மா. உங்க பட்டினி அதுக்குத் தெரியாது."

"நான் குடுத்ததுதான? நான் சொன்னாக் கேக்காதா?"

"கேக்காதும்மா."

வெகுகாலம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அதே மஜ்ஜைக்குள் வேறொரு வகை ஸ்டெம் செல்களும் இருக்கின்றனவாம். அடிக்கிற அணுக்களை அமர்த்தி, அழற்சியைத் தணிக்கிற வேலை அவற்றுக்கு. அவற்றைப் பிரித்து வளர்த்து, சோலைராஜைப் போன்றவர்களுக்கு ஏற்றிப் பார்க்கிறார்களாம், சிலருக்குக் கேட்கிறதாம். மதினியின் எலும்பிலும் அவை இருந்திருக்கும். அன்றைக்கு அது அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். மதினியிடம் சொல்லவில்லை.

சோலைராஜ் ஆடி மாதம் ஆஸ்பத்திரியிலேயே இறந்தான். ஊருக்குக் கொண்டுவந்தோம். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். மதினி நிற்கவில்லை. அண்ணன் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார். அவரை இழுத்துக்கொண்டே பாடைக்குப் பின்னால் வந்தாள்.

"விடுங்க, நானும் வாரேன். என் ரத்தமும்லா அங்க போவுது! அவன் எந்தம்பின்னு அதுக்குத் தெரியாமப் போச்சே!"

தறியில் பழகிய அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது.